வலப்பக்க ஸ்டீயரிங்

ஈப்போவில் பழைய ஃபோர்டு மாடல் ஏ காடியைப் பிரித்துப் போடுகிறவருக்கு முதல் தலைவலி என்ஜின் அல்ல, ஸ்டீயரிங்.

பெயர்தான் அமெரிக்கக் காடி. மலாயாவுக்கு வலப்பக்க ஸ்டீயரிங் வண்டிகளை அனுப்பியது ஃபோர்டு கனடா. அதன் மலாயா கிளை 1926இல் சிங்கப்பூரில் தொடங்கியது.

1927 முதல் சுமார் 48 லட்சம் மாடல் ஏ வெளிவந்ததால் பிஸ்டன், கேஸ்கெட் எல்லாம் அமெரிக்காவில் இன்றும் புதிதாகவே கிடைக்கின்றன. ஸ்டீயரிங் பெட்டிக்குத்தான் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பக்கம் தேட வேண்டும். அங்கே போனதும் கனடா வண்டிதானே.

ரப்பர் தோட்டத்துக் கொட்டகையில் கிடந்த வண்டியென்றால் கூரையின் மரச்சட்டத்தையும் கறையான் விட்டுவைத்திருக்காது. நல்லவேளை, அதற்கு உள்ளூர் ஆசாரி போதும்.