அரைப்புள்ளி விசையும் அம்மாவின் நித்திரையும்

எங்கட வீட்டில ஒரு கணினிதான். பகலில அப்பா அதில ரைப் பண்ணுவார். விண்ணப்பம், கல்யாணக் காட், நினைவு மலர் எண்டு அக்கம்பக்கத்து வேலைகள். இரவு ஒன்பது மணிக்குப் பிறகுதான் அண்ணன், தங்கச்சி எங்கள் ரெண்டு பேருக்கும் அது கிடைக்கும்.

பழைய கீபோட் விசைக்குக் கீழே ரப்பர் குமிழ் வைச்சது. மூன்று விசையைச் சேர்த்து அமத்தினால் சிலவேளை ஒன்று விழாது. ஓடிக்கொண்டே பாய வேண்டிய இடத்தில் எங்கட ஆள் சும்மா நிற்பான். அதனால் மாதக்கணக்காகக் காசு சேர்த்து, 87 விசையுள்ள மெக்கானிக்கல் கேமிங் கீபோட் ஒன்று வாங்கினோம். நீல சுவிற்ச். காணொளிகளில் கேட்ட அந்த 'டிக் டிக்' சத்தத்தில் மயங்கித்தான் வாங்கினோம்.

கேமுக்கு அருமை. எத்தனை விசையைச் சேர்த்து அமத்தினாலும் எல்லாம் பதிவாகும். விசை மொத்தமாக 4 மில்லிமீற்றர் அளவு இறங்கும். ஏறக்குறைய பாதியிலேயே எழுத்து விழுந்துவிடும்.

மூன்றாம் நாள் நடுச்சாமம், அம்மா அறை வாசலில் வந்து நிண்டா.

"பிள்ளையள், காலமை நாலரைக்கு நான் எழும்போணும். உந்த டக்கு டக்கு தலைக்குள்ள அடிக்குது."

அம்மா தாதி. எங்கட வீட்டுச் சுவர் மேலே கூரை வரைக்கும் போகாது. இதை வாங்கமுதல் நாங்கள் யோசிக்கவேயில்லை.

முதலில் விசை மூடிகளுக்குக் கீழே ரப்பர் வளையம் போட்டுப் பார்த்தோம். பிரயோசனம் இல்லை. வளையம் குறைப்பது விசை அடியில் முட்டுகிற சத்தத்தை மட்டும்தான். நீல சுவிற்சின் 'டிக்' அதன் உள்ளேயிருந்தே வருகிறது.

நல்ல காலம், எங்கட கீபோட் ஹொட்-ஸ்வொப் வகை. ஈயம் உருக்காமலே சுவிற்சைக் கழற்றி மாற்றலாம். திரும்பவும் காசு சேர்த்து சிவப்பு சுவிற்ச் வாங்கினோம். அதில் 'டிக்' இல்லை, நேராக இறங்கும். சரிவாக வைத்து அமத்தி ரெண்டு சுவிற்சின் காலை வளைத்தோம்; பிறகு நிமிர்த்திப் போட்டோம். சத்தமே இல்லை எண்டு சொல்ல மாட்டோம். ஆனால் அம்மா இப்ப எழும்பி வாறதில்லை.

கவலைப்பட்டது அப்பாதான். அவர் பழகினது ரைப்ரைற்றரில். அந்த 'டிக்' கேட்டால்தான் எழுத்து விழுந்த நம்பிக்கை அவருக்கு. அவர் அடிப்பது பாமினி. அதில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி விசை. 'தமிழ்' எண்டு அடிக்க ஐந்து தட்டு, கடைசித் தட்டு அதுதான். விளம்பரங்கள் டபிள்யூ, ஏ, எஸ், டி விசைகளைத்தான் புகழும். எங்கட வீட்டில் கூட அடி வாங்குவது அரைப்புள்ளி. பழைய கீபோட்டில் முதலில் செத்ததும் அதுதான். அது போனபோது முழுக் கீபோட்டையுமே எறிய வேண்டி வந்தது. இதில் ஒரு சுவிற்சை மட்டும் மாற்றினால் போதும்.

நீங்கள் வாங்கப் போறீங்கள் எண்டால், நிற லைற்றைப் பார்க்கமுதல் ரெண்டு விசயம் பாருங்கோ: சுவிற்சைக் கழற்றி மாற்றலாமோ, அந்த நேரத்தில் வீட்டில் ஆர் நித்திரை கொள்ளுகினம்.

நாங்கள் 86 விசைக்குச் சிவப்பு போட்டோம். அரைப்புள்ளிக்கு மட்டும் நீலத்தை விட்டு வைச்சிருக்கிறோம். இரவில் எங்களுக்கு அது தேவைப்படாது. பகலில் அப்பா புள்ளி வைக்கிற ஒவ்வொரு தரமும் 'டிக்' எண்டு கேட்கும்.