ஒரே கூடம்: சில குறிப்புகள்

புதுச்சேரி சம்பா கோயில் முகப்பு.   கீழ்த்தளத்தில் ஜோடி ஜோடியாக டோரிக் தூண்கள், மேல்தளத்தில் அதே ஜோடிகள் அயோனிக் சுருளோடு. பாரிஸில் உள்ள வால்-த-க்ராஸ் கோயிலின் சாயல் என்பார்கள். அந்தப் பாரிஸ் முகப்புக்கும் மூத்தது ரோமாபுரியில் இருக்கிறது: சேசு சபையின் தாய்க்கோயிலான ஜெசு. நம் சுண்ணாம்புப் பூச்சுக்குப் பின்னால் இத்தாலிய பரோக் வம்சாவளி.

*

ஜெசு கோயில் 1568இல் தொடங்கி 1584இல் அபிஷேகமானது. கட்டியவர் விஞ்ஞோலா; முகப்பு ஜாக்கோமோ தெல்லா போர்த்தாவுடையது. பணம் கர்தினால் அலெஸ்ஸாந்த்ரோ பர்னேசேயுடையது, அதனால் பிடிவாதமும் அவருடையதே. எதிரொலி பிரசங்கத்தைக் கெடுத்துவிடும், மரத்தில் தட்டையான கூரை போதும் என்பது சபையாரின் எண்ணம். வளைகூரைதான் வேண்டும் என்று கர்தினால் நின்றார், அதுவே நடந்தது.

எனக்கு முக்கியமாகப் படுவது கூரைக்குக் கீழே உள்ள இடம். பழைய கோயில்களில் இரண்டு வரிசைத் தூண்கள் கூடத்தை மூன்றாகப் பிரித்துவிடும். ஜெசுவில் அவை இல்லை. அகன்ற ஒற்றைக் கூடம், இரு பக்கமும் சிறு பீடங்கள், அவ்வளவுதான். யார் எங்கே உட்கார்ந்தாலும் நடுப்பீடம் தெரிய வேண்டும், பிரசங்கம் காதில் விழ வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபையின் திரிதெந்து சங்கம் (1545–1563) முடிந்த கையோடு எழுந்த கட்டடம் இது. பிராட்டஸ்டன்ட் பக்கம் போன மக்களைத் திரும்பக் கூட்டிவர வேண்டிய அவசரம் அந்தத் தரைப்படத்திலேயே தெரிகிறது. பரோக் என்றதும் பொன்பூச்சைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். நான் முதலில் இந்தக் கூடத்தைச் சொல்வேன்.

*

பொன்பூச்சையும் சொல்லாமல் விட முடியாது. ஜெசுவின் கூரை ஓவியம் பாச்சிச்சாவுடையது, 1670களின் கடைசியில் முடிந்தது. நடுவில் இயேசுவின் திருப்பெயர் ஒளியாக எரிகிறது. அந்த ஒளியைத் தாங்க முடியாதவர்கள் சட்டத்தைத் தாண்டி, கூரையின் விளிம்பிலிருந்து நம் தலைமேல் விழுகிறார்கள். சட்டத்துக்கு வெளியே பொன் அலங்காரத்தின் மேலேயே நிழலைத் தீட்டியிருக்கிறார். ஓவியம் எங்கே முடிகிறது, சுதைச் சிற்பம் எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் பிரிக்க முடியாது.

பக்கத்திலேயே, சேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் கோயில். அங்கே கட்ட நினைத்த குவிமாடம் எழவில்லை. சேசு சபைச் சகோதரர் அந்திரேயா போட்சோ 1685இல் தட்டையான பெரிய துணியில் குவிமாடத்தை வரைந்து மேலே ஏற்றிவிட்டார். தரையில் ஒரு பளிங்கு வட்டம் பதித்திருக்கிறார்கள். அதன்மேல் நின்றால் குவிமாடம் நிமிர்ந்து நிற்கும். தள்ளிப் போகப் போகச் சரியும். அதே கோயிலின் பெரிய கூரை ஓவியத்தை போட்சோ 1694இல் முடித்தார். விண்ணிலிருந்து வரும் ஒளி இஞ்ஞாசியார் வழியாக நான்கு கண்டங்களுக்கும் பாய்கிறது. ஆசியா ஒட்டகத்தின்மேல் இருக்கிறாள். நாமும் அவளுக்குள் அடக்கம்.

*

செஞ்சி. அதே சேசு சபையின் குரு பிமெந்தா 1597இல் இங்கே வந்து, செஞ்சியை ஆண்ட கிருஷ்ணப்ப நாயக்கரைப் பார்த்தார். ஜெசு அபிஷேகமாகி அப்போது பதின்மூன்று ஆண்டுதான்.

*

சம்பா கோயிலின் காலவரிசை. சேசு சபையார் 1692இல் கட்டினார்கள். அடுத்த ஆண்டே டச்சுக்காரர்கள் இடித்தார்கள். பிறகு எழுந்த பெரிய கோயிலை 1761இல் ஆங்கிலேயர் தரைமட்டமாக்கினார்கள். இன்று நிற்பது 1791இல் முடிந்தது.

இடிந்த கதையோடு இடித்த கதையையும் எழுதியாக வேண்டும். அந்தப் பெரிய கோயிலை ஒட்டி வேதபுரீஸ்வரர் கோயில் இருந்தது. ஆங்கிலேயரின் 1748 முற்றுகையின்போது, பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸ் ஆட்சியில் அதை இடித்தார்கள். துய்ப்ளேக்ஸின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் இருக்கிறது. முகப்பின் அழகைப் பற்றி எழுதுகிறவர் இதை விட்டுவிடக் கூடாது.

*

அதே நாட்குறிப்பு, 1745 அக்டோபர். சம்பா கோயிலுக்கு உள்ளே, வடபக்கம், ஒரு சுவர். ஒரு புறம் ஒடுக்கப்பட்ட சாதிக் கிறிஸ்தவர்கள். மறுபுறம் மேல்சாதிக் கிறிஸ்தவர்களும் ஐரோப்பியரும். காரைக்காலிலிருந்து வந்த ஒரு குருவின் தூண்டுதலில், ஒதுக்கப்பட்டவர்கள் பெரிய குருவிடம் போய் நியாயம் கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள்.

இந்தப் பக்கத்தைப் படித்த பிறகு ஜெசுவின் தரைப்படத்தை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை. எல்லோரும் ஒரே பீடத்தைப் பார்க்க வேண்டும் என்று ரோமில் தூண்களையே விலக்கிவிட்டுக் கட்டினார்கள். அந்தச் சபை இங்கே வந்து கட்டிய கோயிலில் தூண் வரிசையைவிடக் கனமான ஒன்று குறுக்கே எழுந்துவிட்டது. போட்சோவின் பளிங்கு வட்டத்தில் யார் வேண்டுமானாலும் போய் நிற்கலாம். புதுச்சேரியில் நிற்கும் இடத்தைப் பிறப்பே தீர்மானித்தது. நம் ஊர் பரோக் வரலாற்றில் முதலில் எழுத வேண்டியது அந்தச் சுவரும், அதை எதிர்த்துக் கேட்டவர்களும்தான்.

*

அதே சேசு சபையிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்த வீரமாமுனிவர் பிறந்தது 1680இல், இத்தாலியில் மாந்துவாவுக்கு அருகில் காஸ்திலியோனே என்ற ஊரில். சேசு சபைப் புனிதர் ஞானப்பிரகாசியார் பிறந்ததும் அதே ஊர். ஞானப்பிரகாசியார் பெயரிலேயே அங்கே ஒரு பரோக் பேராலயம். அவருடைய தலை எலும்பு அங்கே இருக்கிறது, உடல் ரோமில், போட்சோ வரைந்த அதே இஞ்ஞாசியார் கோயிலில். 1726இல் ஞானப்பிரகாசியாருக்குப் புனிதர் பட்டம். வீரமாமுனிவரின் தேம்பாவணி, 3,615 விருத்தங்கள், முடிந்ததும் அந்த ஆண்டை ஒட்டித்தான்.

அப்படிப்பட்ட ஊர்க்காரர் விருத்தாசலம் பக்கம் கோணான்குப்பத்தில் மாதாவுக்குக் கோயில் எடுத்தபோது, பெரியநாயகி என்று பெயர் வைத்தார், சேலை கட்டிவிட்டார். சுரூபத்தை மணிலாவில் செய்வித்தார் என்பது அங்கே சொல்லிவரும் கதை. ஜனவரித் திருவிழாவுக்கு விழுப்புரம், உளுந்தூர்ப்பேட்டை வழியாக இன்றும் கூட்டம் போகிறது. பரோக் கலையின் முழு நோக்கமும் பார்க்கிறவரின் மனம் இளக வேண்டும் என்பதுதான். அதைப் பளிங்கும் பொன்னும் இல்லாமல் ஒரு சேலையில் சாதித்தார் என்று நினைக்கிறேன்.

*

உளுந்தூர்ப்பேட்டை வட்டத்திலேயே எறையூர். 2008இல் விழுப்புரம் மாவட்டம், இப்போது கள்ளக்குறிச்சி. பழைய, பெரிய கத்தோலிக்க ஊர். அங்கே தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்குத்தளம் கேட்டார்கள். 2008 மார்ச்சில் அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். 1745இல் சுவரை எடுக்கச் சொன்னார்கள். 2008இல், ஒரே கூடத்தில் இருந்து பார்த்துச் சலித்து, தனிக்கூடம் கேட்கும் நிலை. இரண்டும் ஒரே மரியாதையைக் கேட்ட குரல்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

*

கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகள் இந்தப் பகுதிக் கோயில்களை அளக்க வருகிறார்கள் என்றால் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முகப்பு, தூண், வளைகூரை எல்லாம் வரையுங்கள். அதே தாளில், எந்தத் தெருக்காரர்கள் எந்தக் கதவு வழியாக வருகிறார்கள், எங்கே உட்காருகிறார்கள், தேர்பவனி எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது, கல்லறைத் தோட்டத்துக்கு எத்தனை வாசல் என்பதையும் குறியுங்கள்.