வேலையை யாரும் கேட்கவில்லை

பிரா கொக்கி போட வலது கை பின்னால் போகவில்லை என்று சொன்னேன். மருத்துவர் வயதைக் கேட்டார். 53. மாதவிடாய் நின்றுவிட்டதா என்று கேட்டார். “ஃப்ரோசன் ஷோல்டர்மா. இந்த வயசுப் பெண்களுக்கு வர்றதுதான்” என்றார். ஓ.பி. சீட்டில் தொழில் என்ற இடத்தில் ‘ஹவுஸ் வைஃப்’ என்றிருந்தது. அதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது?

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். பக்கவாதத்தில் விழுந்த மாமியாரை 6 ஆண்டுகள், தினமும் பலமுறை, அக்குளில் கைகொடுத்துத் தூக்கி உட்காரவைத்தவள் நான். ஒருநாள் அவர் சரிய, தாங்கிப் பிடித்தபோது தோளுக்குள் ‘படக்’கென்றது. அன்றிரவும் தோசை நான்தான் சுட்டேன்.

இரண்டாவதாகப் பார்த்த பெண் மருத்துவர் என் கையைத் தானே பிடித்துத் திருப்பினார். உறைந்த தோள் என்றால் பிறர் அசைத்தாலும் கை இறுகி நிற்குமாம். என் கை வெளிப்பக்கமாகத் தாராளமாகத் திரும்பியது. பிறகு புறங்கையை முதுகின் கீழ்ப்பக்கம் வைத்து, அங்கிருந்து பின்னால் எடுக்கச் சொன்னார். கை ஒட்டிக்கொண்டதுபோல அப்படியே இருந்தது.

புஜத்தின் முன்தசையிலிருந்து ஒரு தசைநாண், எலும்பில் உள்ள பள்ளத்தின் வழியாகத் தோளுக்குள் ஏறுகிறது, கிணற்று ராட்டினத்தில் கயிறு ஓடுவதுபோல. அதைத் தடம் மாறாமல் காப்பவை சில தசைநார்களும், தோளின் முன்பக்கத் தசை எலும்பில் வந்து ஒட்டும் பகுதியும். எனக்கு அந்தப் பிடிமானம் கிழிந்திருந்தது. முழங்கையை மடக்கிக் கையை வெளிப்பக்கம் திருப்பியபோது, கயிறு பள்ளத்தைவிட்டு உள்பக்கம் நழுவுவதை ஸ்கேன் திரையில் நானே பார்த்தேன்.

கிழிந்த தசையைத் தைத்து, நழுவிய நாணை எலும்பில் வேறிடத்தில் பொருத்தலாம் என்றார். 6 வாரம் கை ஸ்லிங்கில் இருக்க வேண்டும்.

“அப்ப வீட்டு வேலை?” என்று கேட்டார் கணவர்.

அத்தனை ஆண்டுகளில் அன்றுதான் அதற்கு வேலை என்று பெயர் வந்தது.

வயதும் தசைநாணைத் தேய்க்கும், உண்மைதான். ஆனால் தோழிகளே, உங்கள் தோள் வலித்தால் வயதோடு நிறுத்தாதீர்கள். எத்தனை குடம் சுமந்தீர்கள், யாரைத் தூக்கினீர்கள், எந்த நாளில் ‘படக்’கென்றது என்று சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.