வீடு மொட்டை... வாடகை முழுசு!

நெதர்லாந்துன்னதும் ஆம்ஸ்டர்டாம் கால்வாயும் துலிப் தோட்டமும்தான் ஞாபகம் வரும். ஆனா, ரேடியோ அஸ்ட்ரானமி பித்து பிடிச்ச இன்ஜினீயரிங் பார்ட்டிகளுக்கு ட்விங்கலோதான் கோயில்! 1956-ல் திறந்த 25 மீட்டர் ரேடியோ டெலஸ்கோப்பும், ‘அஸ்ட்ரான்’ ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கிற இந்தக் குட்டி கிராமம், வெஸ்டர்ஃபெல்ட் முனிசிபாலிட்டியைச் சேர்ந்தது. அங்கே இன்டர்ன்ஷிப் கிடைச்சா, ட்ரீட் வைக்கிறதுக்கு முன்னாடி வீடு தேடுங்க பாஸ்!

நாடு முழுக்கவே வீட்டுப் பஞ்சம். வீட்டு வசதிக் கழகங்களோட குறைந்த வாடகை வீட்டுக்குப் பேரைப் பதிஞ்சுட்டு வருஷக்கணக்கா காத்திருக்கணும். உள்ளூர்ப் பசங்களும் அதே க்யூவில்தான்!

‘சுத்திலும் இத்தனை ஹாலிடே காட்டேஜ் இருக்கே’ன்னு தோணும். அங்கேதான் ட்விஸ்ட். பல காட்டேஜ்களில் நிரந்தரமா குடியிருக்க அனுமதி இல்லை. 4 மாசத்துக்கு மேல தங்குறவங்க முனிசிபாலிட்டியில் முகவரி பதியணும். அப்போ கிடைக்கிற பி.எஸ்.என். நம்பர் இல்லாம சம்பளம், இன்ஷூரன்ஸ் எல்லாமே சிக்கல். அதனால, வாடகையைக் கேட்கிறதுக்கு முன்னாடியே, ‘இந்த முகவரியில் பதியலாமா?’னு கேட்டுடுங்க.

விளம்பரத்தில் ‘கால்’னு போட்டிருந்தா கால்வாசி வாடகைன்னு குஷியாகிடாதீங்க. டச்சுல அதுக்கு ‘மொட்டை’ன்னு அர்த்தம். தரைவிரிப்புகூட இருக்காது! ‘கெஸ்டோஃபேர்ட்’னா தரைவிரிப்பும் கர்ட்டனும் உண்டு. ‘கெமெயுபிலேர்ட்’னா கட்டில், மேஜையும் சேர்த்தி.

2023 ஜூலையில் வந்த சட்டப்படி, அட்வான்ஸ் 2 மாச அடிப்படை வாடகையைத் தாண்டக் கூடாது. அதுக்கு மேல கேட்டாலோ, வீட்டைக் காட்டாமலே பணம் அனுப்பச் சொன்னாலோ... எஸ்கேப்!