ஆயர் குரோவில் இரண்டு நாள்

ஆயர் குரோ என்றால் மலாயில் கலங்கிய நீர் என்று அர்த்தம். நெடுஞ்சாலை டோலைத் தாண்டினால் ஏரி, மிருகக்காட்சிசாலை, மினி மலேசியா, மாநில அரசு வளாகம் எல்லாம் வரிசையாக வரும். நான் எப்போதும் நிற்காமல் மலாக்கா நகருக்குப் போய்விடுகிறவள். இந்த முறை இரண்டு நாள் தங்க வைத்தது, 250 கிராம்கூட இல்லாத ஒரு டிரோன்.

பெரியம்மா பிறந்தது புக்கிட் லிந்தாங் பக்கத்துத் தோட்டமொன்றில். 1896இல் தான் சே யான் வணிகத்துக்காக ரப்பர் நட்ட இடம் புக்கிட் லிந்தாங். இப்போது சுற்றிலும் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும்தான். பெரியம்மாவுக்கு மூட்டுவலி, நடக்க முடியாது. "லயத்த மேலேருந்தாவது ஒரு தடவை காட்டுடி" என்றார்.

பத்து பெரெண்டாம் விமான நிலையம் பக்கத்தில் இருப்பதால் நினைத்தவுடன் பறக்கவிட முடியாது. அனுமதி வாங்கவே பல வாரம் ஆயிற்று. பறந்ததோ பதினொரு நிமிடம். கோயில் அரசமரத்தைச் சுற்றிக் காட்டலாம் என்று பக்கவாட்டில் நகர்த்தினேன். முன்னாலும் கீழேயும் பார்க்கும் உணரிகள் இந்த ரகத்துக்கு உண்டு. பக்கவாட்டில் கண் கிடையாது. ஒரு கிளை தட்டியது. டிரோன் சிமெண்டுத் தரையில் விழுந்து, பேட்டரி தனியாகத் தெறித்தது.

புக்கிட் பெருவாங்கில், பல்கலைக்கழக மாணவர்கள் கைப்பேசி பழுதுபார்க்கக் கொடுக்கும் ஒரு சின்னக் கடை. அங்கிருந்த தம்பி முதலில் டிரோனைத் தொடவே இல்லை. பேட்டரியைக் கண்ணாடி மேசைமேல் வைத்து விரலால் அழுத்தினார். அது ஆடியது. "வீங்கிருச்சுக்கா. இதை சார்ஜ் போட்டா தீப்பிடிக்கும்" என்று ஓரமாக எடுத்து வைத்தார். நல்லவேளை, என்னிடம் இன்னொன்று இருந்தது.

இறக்கை இரண்டு முறிந்திருந்தன. ஒரு கை உடைந்து, அதிலிருந்த மோட்டாரும் போயிருந்தது. மோட்டாருக்கு மூன்று கம்பிகள். பற்றவைக்கும்போது எதாவது இரண்டு இடம் மாறினாலும் தலைகீழாகச் சுற்றும். அதெல்லாம் அவருக்குப் பெரிய வேலையாகத் தெரியவில்லை. கேமராவைத் தாங்கும் பகுதியில் காகிதம்போல் மெல்லிய பட்டைக் கம்பி கிழிந்திருந்ததைப் பார்த்துத்தான் முகம் சுருங்கியது. அது கோலாலம்பூரிலிருந்து மறுநாள்தான் வரும்.

"டிரோன் போனாப் போகட்டும் தம்பி, படம் வேணும்" என்றேன். மெமரி கார்டைக் கணினியில் போட்டோம். கோப்பு இருந்தது, திறக்கவில்லை. பதிவை நிறுத்தும்போதுதான் கோப்பின் பொருளடக்கம் எழுதப்படுமாம்; நடுவில் மின்சாரம் போனால் பக்கங்கள் இருந்தும் புத்தகத்தைப் படிக்க முடியாது. அதே கார்டைத் திரும்பப் போட்டு உயிர் கொடுத்தால் சில டிரோன்கள் விட்ட இடத்திலிருந்து தாங்களே எழுதி முடித்துவிடும். "அதுவரைக்கும் இந்தக் கார்டுல புதுசா எதையும் எடுத்துறாதீங்க" என்றார்.

மறுநாள் காலை, எதற்கும் இருக்கட்டும் என்று கைப்பேசியோடு தோட்டத்துக்குப் போனேன். மண்வாரி இயந்திரம் எனக்கு முன்பே வந்துவிட்டிருந்தது. முதல் லயத்தில் கூரை இல்லை. படமெடுக்க மனம் வராமல் ஏரிக்கரைக்கு வந்து, நாலு மணிவரை சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பட்டைக் கம்பியைக் கேமராவின் மூட்டுகளுக்குள் மடித்து மடித்து நுழைக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அதற்குள் கடைக்கு வந்த மூன்று பேரை அவர் திருப்பி அனுப்பிவிட்டார். கார்டைப் போட்டுப் பொத்தானை அழுத்தினார். பச்சை விளக்கு எரிந்தது. திரையில் ஏதோ ஓடி நின்றது. கோப்பு திறந்தது.

அன்றிரவே பெரியம்மா வீட்டுத் தொலைக்காட்சியில் போட்டேன். "அது பெரட்டுக்களம். அந்தக் கடைசி வீடு நம்மது" என்று விரல் நீட்டிக்கொண்டே வந்தார். அரசமரம் வந்தது. கிளை, வானம், இலை, தரை என்று படம் சுழன்றதும் அவமானத்தில் நிறுத்தப் போனேன்.

"இரு இரு, அந்த விழுந்த எடத்த மறுபடி போடு."

மெதுவாக ஓட்டினேன். தரையைத் தொடுவதற்குமுன் ஒரு கணம், குழாயடியில் ஒரு சாய்ந்த கல்.

"அம்மா துணி தொவைக்கிற கல்லுடி" என்றார். "இன்னொரு தடவை போடு."