அப்பா பதித்த தட்டோடு

நாகப்பட்டினத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், 1968-ல் அப்பா செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காய், வெல்லத் தண்ணீர் தெளித்து அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதித்தார். சித்திரையிலும் வீடு குளுகுளுவென்றிருக்கும். ஐப்பசி மழைக்கு முன் ஓட்டு இடுக்குகளை அவரே பூசுவார்.

அவர் போனபின் யாரும் பூசவில்லை. நான் வேலை பார்த்த ஊரிலேயே இருந்துவிட்டேன். இடுக்கில் இறங்கிய மழைநீர் ஜல்லியில் தங்கியது. ஈர ஜல்லி வெயிலைத் தடுக்காது. உப்புக்காற்றும் சேர, கூரைக் கம்பி துருப்பிடித்தது. ஓய்வுபெற்றுத் திரும்பியபோது அம்மாவின் கட்டிலுக்கு நேர் மேலே காரை பெயர்ந்து கிடந்தது.

எல்லாம் பெயர்த்துப் புதிதாகப் போட்டோம். "இது எத்தனை வருஷம் தாங்கும்?" என்றேன் கொத்தனாரிடம்.

"பாத்துக்குற வரைக்கும் தாங்கும் சார்."

இப்போது புரட்டாசி பிறந்தால் சாந்துச் சட்டியோடு நானே மாடி ஏறுகிறேன். "மெல்ல ஏறுடா" என்கிறாள் அம்மா, கீழேயிருந்து.