தக்காளிச் செடியின் கதவடைப்பு

கோலார் பக்கம் ‘ஹார்மோன்’ என்ற வார்த்தையை டாக்டர்களை விட உரக்கடைக்காரர்கள்தான் அதிகம் சொல்கிறார்கள். பூ கொட்டுகிறதா, ஒரு ஹார்மோன். காய் பருக்கவில்லையா, இன்னொன்று. கோடையில் போர் வற்றிவிட்டதா, கவலை வேண்டாம், அதற்கும் ஒரு பாட்டில் உண்டு. விவசாயக் கடன் பார்க்கும் ஆள் என்பதால் இந்த பில்கள் சில என் மேஜைக்கும் வந்து சேரும். நான் படித்ததோ பி.காம். டெபிட், கிரெடிட் தெரியும், செடியின் உடம்பு தெரியாது. சரி, இதற்கெல்லாம் பணம் போகிறதே, என்னதான் இது என்று படிக்க ஆரம்பித்தேன். ஊரில் அப்பாவோ மச்சானோ தக்காளி போட்டிருக்கும் வீடுகளுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

வறட்சிக்கான முக்கிய ஹார்மோனின் பெயர் அப்சிசிக் அமிலம். 1960களில், பருத்திக் காய் ஏன் உதிர்கிறது என்று அமெரிக்காவில் தேடியவர்கள் கண்டுபிடித்தது. உதிர்தல் என்ற பொருளில் பெயரும் வைத்துவிட்டார்கள். பிறகு பார்த்தால் உதிர்ப்பதில் பெரிய பங்கு எத்திலீனுக்கு. இதன் நிஜமான வேலை வேறு. ஆனாலும் வைத்த பெயர் வைத்ததுதான். (நம் ரேஷன் கார்டு மாதிரி!)

இலையின் அடியில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். செடி உறிஞ்சும் தண்ணீரில் பெரும்பகுதி இந்த வழியாகத்தான் ஆவியாகப் போகிறது. ஒவ்வொரு துளைக்கும் இரண்டு பக்கமும் இரண்டு காவல் செல்கள். அவை தண்ணீர் குடித்து உப்பியிருந்தால் துளை திறந்திருக்கும். மண் காயும்போது அப்சிசிக் அமிலம் கூடுகிறது, காவல் செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியம் முதலான உப்புகள் வெளியேறுகின்றன, பின்னாலேயே தண்ணீரும் போகிறது. செல்கள் தொய்ந்து கதவு மூடிக்கொள்கிறது.

இதைக் காட்டிக்கொடுத்ததே தக்காளிதான். ஜெர்மனியில் ஹான்ஸ் ஸ்டூபே தக்காளியை எக்ஸ்ரே கதிருக்கு உட்படுத்திப் பல விகாரச் செடிகளை உண்டாக்கினார். அவற்றில் ஃப்ளாக்கா, சிட்டியென்ஸ், நோட்டபிலிஸ் என்ற மூன்றும் எப்போது பார்த்தாலும் வாடியே நிற்கும். தண்ணீர் ஊற்றினாலும் நிமிராது. 1970ல் ஃப்ளாக்கா செடியில் அப்சிசிக் அமிலத்தைத் தெளித்துப் பார்த்தார்கள், சாதாரணச் செடி போல ஆகிவிட்டது. அந்த மூன்றுக்குமே இந்த அமிலத்தை வேண்டிய அளவு தயாரிக்கும் திறன் இல்லை, அதனால் கதவைச் சாத்தத் தெரியவில்லை. இன்னொரு விஷயம். தக்காளிக்குச் சிவப்பு தரும் நிறமி எந்தத் தயாரிப்பு வழியில் வருகிறதோ, அதே வழியின் நீட்சியில்தான் இந்த அமிலமும் உண்டாகிறது. இதைப் படித்த அன்று ரசத்துக்குத் தக்காளி நறுக்குவதைக் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து ஒரு கேள்வி. மண் காய்ந்த செய்தி வேருக்குத்தான் முதலில் தெரியும், இலைக்கு யார் சொல்வது? வேரே அமிலத்தைச் செய்து மேலே அனுப்புகிறது என்று வெகுநாள் நினைத்திருந்தார்கள். 2002ல் வந்த ஓர் ஆய்வில், அமிலம் செய்யத் தெரியாத சிட்டியென்ஸ் வேரின் மேல் நல்ல செடியை ஒட்டுக்கட்டி, மண்ணைக் காயவிட்டார்கள். அப்போதும் இலை கதவைச் சாத்தியது. அதாவது இலை தன் பூட்டைத் தானே செய்துகொள்கிறது, வேரிலிருந்து வருவது வேறு தகவல். கடுகு இனத்துச் சிறுசெடி ஒன்றில் அப்படிப்பட்ட தூதர்களில் ஒன்றான குட்டிப் புரதத்தை 2018ல் ஜப்பானியர்கள் அடையாளம் கண்டார்கள்.

இனி பாட்டில் விவகாரம். கதவைச் சாத்தினால் தண்ணீர் மிஞ்சும், உண்மை. ஆனால் கரியமில வாயு உள்ளே வருவதும் அதே கதவு வழியாகத்தான். சாத்திய செடி சமைக்காது. வெயிலில் இலை தன்னைக் குளிர்வித்துக்கொள்ளவும் முடியாது. எங்கள் பாஷையில் சொன்னால், கையிருப்புப் பணம் குறைகிறது என்று வங்கி கவுண்டரை மூடுவது போல. இருக்கும் பணம் பத்திரம், ஆனால் கடனும் இல்லை, வட்டியும் இல்லை. ‘வறட்சியைத் தாங்கும்’ என்று லேபிளில் போட்டால் செடி சாகாது என்று பொருள் கொள்ளலாம். காய் வரும் என்று யாரும் எழுதித் தரவில்லை. விவசாயி என்னிடம் கடன் வாங்கியது செடியை உயிரோடு வைக்கவா?

ஆராய்ச்சியாளர்களுக்கும் இது தெரியும். கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் ஷான் கட்லர் குழு 2015ல் செடியின் ஹார்மோன் வாங்கியை மாற்றியமைத்து, மாண்டிப்ரோபமிட் என்ற பூஞ்சை மருந்தைத் தெளித்தால் செடி கதவைச் சாத்தும்படி செய்தது. 2019ல் அந்த அமிலத்தைப் போலவே, அதைவிடத் தீவிரமாக வேலை செய்யும் ஓபாபாக்டின் என்ற பொருளையும் கண்டுபிடித்தார்கள். இவற்றின் அழகு, வேண்டும்போது மட்டும் பூட்டலாம் என்பது. பத்து நாளில் மழை என்றால் பூட்டிக் காத்திருக்கலாம். மழையே இல்லையென்றால் பூட்டி என்ன பயன்?

போன கோடையில் ஒருவர் வந்தார். ஒன்றரை ஏக்கர், குச்சி நட்டுக் கயிறு கட்டிய தக்காளி, முதல் பறிப்பு நெருங்கும் சமயம். இரண்டு இன்ச் வந்த போர் அரை இன்ச்சுக்கு வந்துவிட்டது. ஆயிரம் அடிக்குக் கீழே போன போர்கள் இங்கே சாதாரணம், வற்றாத ஆறு என்று ஜில்லாவில் எதுவும் இல்லை. 2018லிருந்து பெங்களூரின் சுத்திகரித்த கழிவுநீர் இங்குள்ள பல ஏரிகளுக்கு வருகிறது, ஆனால் அவர் நிலம் அந்தப் பக்கம் இல்லை. அரசு வறட்சி என்று அறிவித்தால் கடனுக்குச் சலுகை உண்டு, ஒரு ஆளின் போர் வற்றினால் கிடையாது.

“சார், இதை அடிச்சா பதினஞ்சு நாள் தாங்கும்கிறாங்க. வாங்கட்டுமா?” என்று கன்னடமும் தெலுங்கும் கலந்து கேட்டார்.

“தாங்கலாம் அண்ணா. தண்ணி எங்கிருந்து வரும்?”

“காய் பருக்குமா?”

“கதவு சாத்தினா எப்படிப் பருக்கும்?”

அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார். அடுத்த வாரம் நான் வயலுக்குப் போனபோது கீழ்ப்பக்கத்து ஒரு ஏக்கருக்குச் சொட்டுநீர் வால்வை மூடியிருந்தார். இருக்கும் தண்ணீர் முழுவதும் மேல்பக்கத்து அரை ஏக்கருக்கு. நாள் விட்டு நாள் அல்ல, தினமும் கொஞ்சம். விட்டு விட்டுப் பாய்ச்சினால் கால்சியம் சீராகப் போகாமல் காயின் அடி கறுத்து அழுகும் என்பது அவருக்கு எந்த ஆய்வும் படிக்காமலே தெரிந்திருந்தது. கைவிட்ட ஏக்கரில் முற்றிய பச்சைக்காய்களை மட்டும் அவருடைய மனைவியும் மகளும் பறித்துக்கொண்டிருந்தார்கள்.

கொட்டகையில் வைக்கோல் மேல் அவற்றைப் பரப்பியிருந்தார்கள். முற்றிய காய் பறித்த பின்னும் தானே எத்திலீன் விட்டுப் பழுக்கும். முன்தினம் பறித்தவை காம்புக்கு எதிர்ப்பக்கம் வெளிர் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன. 15 கிலோ பெட்டிக்கு எத்தனை வரும் என்று மகள் எண்ணிக்கொண்டிருந்தாள்.